உப்பு வைக்காத பிள்ளை

வாரல் மாதம், 4

கொக்கு,

ஊர் முன்னால் உன்னை "இந்தாங்க" என்றுதான் கூப்பிட்டேன். கதவைச் சாத்தினால்தான் கொக்கு. இப்போது கதவு எந்நேரமும் சாத்தியே இருக்கிறது, அதனால் கொக்கு என்றே எழுதுகிறேன். நீ கற்றுக்கொடுத்த எழுத்து. கோணலாக இருந்தால் சிரிக்காதே. ஊருக்கு அடியிலிருக்கும் அடிக்கோட்டைக்குள் வழி வரைய நீ வாங்கி வைத்திருந்த தாள்கட்டு அப்படியே இருக்கிறது. அதில்தான் எழுதுகிறேன்.

முந்தாநாள் மாறவேள் வந்தார். உன்னை அடிக்கோட்டைக்குள் தீவட்டி பிடிக்கக் கூட்டிப்போன இறங்கு கூட்டத்தின் தலைவர். வாளைக் கழற்றாமலே உள்ளே வந்தார். உன் தீவட்டிக் கழியைச் சுவரில் சாய்த்து வைத்தார். கழி நனைந்திருந்தது.

"கடைசிக் கூடம் வரைக்கும் எங்களுக்கு முன்னாடிதாம்மா நடந்தார். திடீர்னு தண்ணி ஏறிச்சு. வெளிச்சம் போச்சு. மந்திரக்காரி விளக்கேத்திப் பார்க்கும்போது ஆள் இல்லை."

"உடம்பு?"

"இல்லைம்மா."

அவர் போகும்போது அடுக்குப் பானை ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கூட்டத்துக்கு அது பழக்கம், யார் வீடானாலும் சரி. நீ சொல்லிச் சொல்லிச் சிரிப்பாயே.

நம் உவர்முகத்தில் செத்தவர் நாக்கில் உப்பு வைத்தால்தான் செத்தவர் செத்தவர். அதற்குப் பிறகுதான் வீட்டார் சோற்றில் உப்பு சேர்க்கலாம். உனக்கு வைக்க நாக்கு இல்லை. ஊர்ப் பெரிய மனிதர்கள் பேசிப் பார்த்துவிட்டு, பேச்சை நடுவில் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள். நான் உப்பில்லாத சோறு தின்றுகொண்டிருக்கிறேன்.

அழவில்லை. அழுகை வரவில்லை. நெஞ்சில் ஒரு கல் மாதிரி கிடக்கிறது.

வாரல் மாதம், 5

வாசலில் உப்புக் கோடு போட்டேன். பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

வாரல் மாதம், 7

இன்று ஒரு பொம்பிளை வந்தாள். பேர் அமுதக்கா. கூட இரண்டு பேர், ஒரே மாதிரி வெளுத்த சேலை. இடுப்பில் கஞ்சிப் பானை. வெல்லமும் தேங்காயும் போட்ட கஞ்சி, வாசனை தெருமுனைக்கே வந்தது.

"நாங்க ஆறுதல்காரங்க தாயி. துக்க வீட்ல அடுப்பு எரியக்கூடாதுல்லா, அதான் தூக்கிட்டு வந்துட்டோம். பயப்படாமக் குடி. என் கஞ்சியைக் குடிச்சு ஒருத்தரும் செத்ததில்ல. என் வீட்டுக்காரன் ஓடிப்போனான், அது கஞ்சிக்கு இல்ல, என் வாய்க்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. நீ போனபிறகு முதல் சிரிப்பு. உடனே ஏதோ தப்புச் செய்தமாதிரி இருந்தது. அவள் என் தலையைத் தடவினாள்.

"சிரிக்கணும். அழக்கூடாது. அழுத வீட்டுக்குப் போனவங்க திரும்ப மாட்டாங்க."

"திரும்புவாங்களா?"

"உப்பு வச்சவங்க திரும்ப மாட்டாங்க. உன் வீட்டுக்காரருக்கு யார் வச்சா?"

ஒருத்தரும் வைக்கவில்லை. அவள் சொன்னது சரிதானே. நான் முழுக் கஞ்சியும் குடித்தேன். போகும்போது அவள் கூட வந்தவள் என் கண்ணை ஒரு துணியால் ஒற்றிப் பார்த்தாள். துணி காய்ந்தே இருந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

வாரல் மாதம், 9

உன் தங்கை கருப்பாயி வந்தாள். வழக்கம்போலக் கதவைத் தட்டவில்லை, உதைத்தாள். உள்ளே வந்ததும் பிள்ளையைத் தூக்கி வாய்க்குள் விரலை விட்டாள்.

"ஈறு தடிச்சிருக்கு மதினி. இன்னும் கொஞ்ச நாள்தான். பல்லு எட்டிப் பாத்ததும் சொல்லுங்க, நான் உப்பெடுத்துட்டு வாரேன். அப்பன் இல்லாட்டா அத்தைதான் வைக்கணும்."

பல் முளைத்த அன்று நாக்கில் உப்பு, உப்பு வைத்த கையோடு பேர். அதுவரைக்கும் பிள்ளை வெறும் பிள்ளை. நீ ஒரு பேர் நினைத்து வைத்திருந்தாய். எத்தனை தடவை கேட்டேன். பாதத்தில் எண்ணெய் தடவ மாட்டேன் என்று மிரட்டிக்கூடக் கேட்டேன். "உப்பு நாளன்னிக்குச் சொல்லுதேன், அதுக்குள்ள சொன்னா பேர் பழசாயிரும்" என்றாய்.

கருப்பாயி கஞ்சிப் பானையைப் பார்த்துவிட்டாள்.

"இது யாரு குடுத்தா?"

"ஆறுதல்காரங்க."

"நம்ம வீட்ல கஞ்சிக்குப் பஞ்சமா? நான் ஒருத்தி கல்லு மாதிரி இருக்கேன், ஊரான் வீட்டுப் பானையா?" விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். "த்தூ. வெல்லம். எறும்புக்கு வைக்கதுக்குத்தான் ஆகும்."

அவள் பேசினால் அப்படித்தான்.

வாரல் மாதம், 12

அமுதக்கா தினமும் வருகிறாள். உப்பளத்துக்கு வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வெயிலில் நின்று வேர்க்கக்கூடாதாம், துக்கம் வேர்வையோடு வெளியே போனால் உன்னைப் பிடித்து வைக்க உள்ளே ஒன்றும் இருக்காதாம். நம் பாத்திகளை அவர்கள் ஆட்களே பார்த்துக்கொள்கிறார்களாம். நான் நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். உப்பு வாரும் இந்த மாதத்தில் நான் நிழலில் உட்கார்ந்ததே இல்லை.

பால் கொடுக்கும்முன் மாரை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுக் கொடுக்கச் சொன்னாள். சுத்தம் நல்லதுதானே. என் அம்மாகூட அப்படி எனக்குப் பார்த்ததில்லை.

காலில் குரக்குவலி இழுக்கிறது. எழுந்தால் கண்ணில் பூச்சி பறக்கிறது. துக்கம் உடம்பில் இறங்கினால் இப்படித்தான் இருக்குமாம்.

வாரல் மாதம், 15

செவந்தியைப் பார்க்க அமுதக்கா கூட்டிப்போனாள். மேலத்தெரு செவந்தி, போன வருஷம் அவள் வீட்டுக்காரன் அடிக்கோட்டையில் போனானே, அவள்தான். அவனுக்கும் உடம்பு கிடைக்கவில்லை. அப்போது ஊரே அவளுக்காக அழுதது.

இன்று பார்த்தால் செவந்தி மினுமினுவென்று இருக்கிறாள். வாசலில் உப்புக் கோடு இல்லை. வீட்டுக்குள் தரை ஈரம். இரண்டு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

"வந்துட்டாரு வெள்ளச்சி," என்றாள், வெட்கப்பட்டுக்கொண்டு. "பகல்ல தூங்குவாரு. பேச்சு கொஞ்சம் கம்மி. முன்ன பேசுனதுக்கு இது தேவலை."

அமுதக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். கதவுக்குப் பின்னால் யாரோ புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. நனைந்த துணியைத் தரையில் போட்டால் கேட்குமே, அந்த மாதிரி.

"புள்ளை எங்க?" என்று கேட்டேன். அவளுக்கும் கைப்பிள்ளை ஒன்று இருந்தது, பொம்பிளைப் பிள்ளை.

"எது?" என்றாள்.

அமுதக்காதான் சொன்னாள். "மாமன் வீட்ல வளருது தாயி. நல்லா இருக்கு."

செவந்தியும் "ஆமா, மாமன் வீட்ல" என்றாள்.

செவந்திக்கு அண்ணன் தம்பி உண்டா என்று எனக்கு நினைவில்லை. இருக்கலாம். எனக்கு இப்போது எல்லாம் மறந்து மறந்து போகிறது.

வந்துட்டாரு என்றாள், கொக்கு. அவ்வளவு சுலபமாகச் சொன்னாள், சந்தைக்குப் போய் வந்தவனைச் சொல்வதுபோல.

வாரல் மாதம், 16

பிள்ளை கையில் கிடைத்ததை எல்லாம் கடிக்கிறது. ஈறு ஓரிடத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. அது பல் இல்லை. வெறும் வெள்ளை.

வாரல் மாதம், 18

மாறவேள் திரும்ப வந்தார். மறுபடி பானைகளைத் திறந்தார். கடைசிப் பானையைத் திறந்துவிட்டு நின்றார்.

"உப்புப் பானை காலியா இருக்கே?"

"துக்க வீடுங்க."

"இன்னுமா?"

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஊரில் ஆள் ஆளாய் நிறுத்திக் கேட்பதையே என்னிடமும் கேட்டார். "ஊர்ல ஏதாவது விசேஷமா நடக்குதா? வித்தியாசமா ஏதாவது கேள்விப்பட்டீங்களா?"

"ஒண்ணும் இல்லீங்க."

"சொல்லிடறேன் கேளுங்க. இந்த ஊருக்கு அடியில ஒருத்தன் கிடக்கான்னு உங்க ஊர்க்காரங்களே சொல்றீங்க. அது சும்மா கதை இல்லை. அவனுக்கு வேலை செய்யற கூட்டம் ஒண்ணு மேலே இருக்கு. மறைவா. அவன் உப்பைத் தாண்ட மாட்டான், அதனால உப்பு படாத ஆளா, உப்பு படாத வீடா பார்த்துப் பார்த்து அவனுக்கு வழி பண்றாங்க. கீழே நாங்க ஒரு குழந்தையோட அரைஞாண் கயிறு பார்த்தோம். சின்னச் சோழி கோத்தது."

"கூட்டம்னா எப்படி இருப்பாங்க?"

"அதாம்மா தெரியலை. முகத்தை மூடிட்டு, கத்தி கித்தி வச்சிட்டுத் திரிவாங்கன்னு தேடறோம். ஒருத்தனும் சிக்கலை."

அவர் போனபிறகு யோசித்தேன். கத்தி வைத்திருக்கிற ஒருவரையும் நான் பார்க்கவில்லை, அவரைத் தவிர. என் வீட்டுக்கு வருவது கஞ்சிப் பானைதான்.

சோழி கோத்த கயிறு ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிறது. நம் பிள்ளைக்கும் இருக்கிறது. செவந்தி பிள்ளைக்கு மட்டுமா.

வாரல் மாதம், 20

வாசலில் உப்புக் கோட்டை அமுதக்கா பெருக்கி எடுத்துவிட்டாள். கேட்டதற்கு, "கோடு போட்டுக் கதவை மூடிட்டு வா வான்னு கூப்பிட்டா எந்த ஆம்பிளை வருவான்?" என்றாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வாரல் மாதம், 21

விடிந்து பார்த்தால் வாசலில் ஈரக்கால் தடம். அளத்துப் பக்கமிருந்து வந்து, நிலைப்படி அருகில் நின்று, திரும்பிப் போயிருக்கிறது. நின்ற இடத்தில் ஒரு காலின் தடம் மட்டும்தான் இருந்தது.

ஒற்றைக் காலில் நிற்பது யார், கொக்கு? அளத்தில் உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு, ஒரு பாதத்தால் மறுகாலைச் சொறிந்துகொண்டு நிற்பாயே. அதனால்தானே நான் உனக்கு அந்தப் பேர் வைத்தேன்.

தடத்தை யாரும் மிதிக்காதபடி மேலே சுளகைக் கவிழ்த்து வைத்தேன். வெயில் ஏறியதும் எடுத்துப் பார்த்தேன். காய்ந்து போயிருந்தது. நம் ஊரில் எந்த ஈரம் காய்ந்தாலும் வெள்ளை படியும். இதில் படியவில்லை.

வாரல் மாதம், 24

பழைய உப்புக் கொட்டகைக்குப் போனோம். வெளியிலிருந்து பார்த்தால் பாழடைந்த இடம், உள்ளே சுவரெல்லாம் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். ஒரு கல் உப்பு கிடையாது. நடுவில் கிணறு. நான் பிறந்து வளர்ந்த ஊர், அங்கே கிணறு இருப்பது எனக்குத் தெரியாது. ஊர் முழுக்க உவர்த் தண்ணீர், அந்தக் கிணற்றில் மட்டும் இனிப்பாக இருக்கிறது.

இருபது முப்பது பொம்பிளைகள் இருந்தார்கள். எல்லாரையும் எனக்குத் தெரியும். கருவாடு விற்கிறவள், வண்டிக்காரன் பெண்டாட்டி, பிள்ளை பெறவைக்கிற மருத்துவச்சி. ஒவ்வொருத்தரும் எழுந்துவந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். நீ போன வாரத்தில் சொந்தக்காரர் ஒருவர்கூட என்னை அப்படித் தொடவில்லை.

அமுதக்கா விவரம் சொன்னாள். நீ வாசல்வரை வந்துவிட்டாயாம். உள்ளே வரப் பிடிமானம் இல்லையாம். பெற்ற பிள்ளையை ஒருதரம் கையில் வாங்கினால் பிடிமானம் வந்துவிடுமாம்.

"வாங்கிட்டுத் திருப்பிக் குடுப்பாரா?"

"என்ன தாயி கேள்வி? அப்பன்தானே."

"செவந்தி பிள்ளை?"

எல்லாரும் கிணற்றைப் பார்த்தார்கள். அமுதக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை அவ்வளவு மெத்தென்று இருக்கும். "செவந்தி அழுதுட்டிருந்தவ. இப்ப சிரிக்கா. நீயே பாத்தே. வேற என்ன வேணும் உனக்கு?"

வேறு என்ன வேண்டும் எனக்கு.

பல் முளைக்கிறதுக்கு முன்னால் ஆகவேண்டுமாம். பல் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் பிள்ளையின் வாயைத் திறக்கப் பார்த்தாள். அது வாயை இறுக்கி மூடிக்கொண்டது. நான், "இப்பதான் தூங்கி எழும்புது, விடுங்கக்கா" என்றேன்.

வாரல் மாதம், 26

கருப்பாயி வந்து ஒரே சண்டை. வாசலில் கோடு இல்லாததைப் பார்த்துவிட்டுத் தெருவிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"மதினி, உங்களுக்குக் கிறுக்கு புடிச்சிட்டா? கண்ணாடியில உங்க மூஞ்சைப் பாத்தியளா? சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு! ஒருவாய் உப்புப்போட்டுச் சோறு தின்னுங்க, எல்லாம் சரியாப் போவும்!"

"உங்க அண்ணனுக்கு உப்பு வச்சாச்சா, நான் திங்கதுக்கு?"

அவள் கை இடுப்பிலிருந்து இறங்கிவிட்டது. அப்படி அவளை நான் பார்த்ததேயில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள், "எனக்கும் அண்ணன்தான மதினி. நீங்க மட்டுமா தவிச்சிட்டு நிக்கீங்க."

பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. அவள் இழுத்தாள், நான் தள்ளினேன். அவள் மடியில் முடிந்து வைத்திருந்த உப்பு தெருவில் சிதறியது. பொறுக்கக் குனிந்தாள். நான் கதவைப் போட்டு அடைத்துவிட்டேன்.

வெளியில் நின்று நெடுநேரம் கத்தினாள். என்னை அல்ல, உன்னைத்தான். "அடே, பாத்தியாடா, உன் பொண்டாட்டியைப் பாத்தியாடா" என்று.

வாரல் மாதம், 27

நாளை உச்சிவேளை. நம் கடைசிப் பாத்தியில்.

உன் வேட்டியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். நனைந்து வருவாய் அல்லவா.

வாரல் மாதம், 30

இரண்டு நாள் எழுத முடியவில்லை. இன்று எழுதிவிட வேண்டும். நீ அங்கே இருந்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதனால் உனக்குத் தெரியாததுபோலவே முழுக்கச் சொல்கிறேன்.

உச்சி வெயில். அளத்தில் ஒரு ஆள் கிடையாது, அந்த நேரத்தில் எல்லாரும் கொட்டகை நிழலுக்குப் போய்விடுவார்கள். நம் கடைசிப் பாத்தியில் உப்பை அடியோடு வாரி எடுத்துவிட்டு, அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருந்தார்கள். சுற்றிலும் கண் கூசுகிற வெள்ளை, நடுவில் அது ஒன்று மட்டும் கறுப்பு. அமுதக்காவும் இன்னும் நான்கு பேரும் வரப்பில் நின்றார்கள். ஆளுக்கொரு துண்டு வைத்திருந்தார்கள். என் நெற்றியில் வேர்வை பூக்கப் பூக்க ஒற்றி எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

நீ எழுந்தாய்.

முழங்கால் ஆழத் தண்ணீரில் படுத்துக்கிடந்தவன் எழுந்திருப்பதுபோல எழுந்தாய். அதே உயரம், அதே ஒடிசல். காது மடலில் அந்தக் கிழிசல்கூட இருந்தது. உச்சிவேளையில் யாருக்கும் நிழல் கிடையாது, அதனால் உனக்கு இருந்ததா என்று சொல்ல முடியாது. வரப்பு ஓரம் வந்து ஒரு காலை மடக்கி நின்றாய்.

"வெள்ளச்சி," என்றாய். உன் குரல்தான். "பிள்ளையைக் கொடு."

நான் பிள்ளையை நீட்டத்தான் போனேன் என்று கருப்பாயி சொல்கிறாள். இல்லை. காட்டத்தான் தூக்கினேன்.

"பேர் நினைச்சு வச்சிருந்தியே. அதைச் சொல்லு முதல்ல," என்றேன்.

"கையில கொடு. சொல்லுதேன்."

கொடுக்கிற அளவுக்குக் கிட்டத்தில் போய்விட்டேன். தலை சுற்றியது, அதனால் கீழே பார்த்தேன். மடக்கியிருந்த உன் பாதம் கண்ணில் பட்டது.

வெடிப்பே இல்லை, கொக்கு. ஒரு கீறல் இல்லை. உப்பில் நின்று நின்று பாளம் பாளமாக வெடித்து, ராத்திரி போர்வை பட்டால்கூட எரிகிறதென்று சொல்வாயே, நான் எண்ணெய் காய்ச்சித் தடவத் தடவத் திரும்பவும் வெடிக்குமே, அந்தப் பாதம். பிள்ளையின் பாதம் மாதிரி வழவழவென்று இருந்தது. எனக்குப் பயம் வரவில்லை. 'ஐயோ, இவனுக்கு ஆறிவிட்டதே' என்றுதான் நினைத்தேன். இனி எரியாதே என்று. அந்தச் சந்தோஷத்தில்தான் கல் உடைந்தது. நீ போன நாளிலிருந்து வராத அழுகை அவ்வளவும் ஒன்றாக வந்தது.

பிள்ளை என்னை அண்ணாந்து பார்த்தது. என் கண்ணீர் அதன் உதட்டில் விழுந்தது.

"துடை!" என்று அமுதக்கா கத்தினாள். சிரிப்பில்லாத அவள் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "துடைடி! வாயைத் துடை! உள்ள போகுது!"

"துடை," என்று நீயும் சொன்னாய். அதே குரல்தான், ஆனால் வாய் அசையவில்லை.

ஐந்து துண்டுகள் என் முகத்துக்கு வந்தன. அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. கஞ்சி, நிழல், ஈரத்துணி, வாசல், அழாதே அழாதே என்று தலையைத் தடவின கை. நாக்கைச் சுழற்றி என் உதட்டோரம் தொட்டுப் பார்த்தேன். உப்புக் கரித்தது. எத்தனை நாளுக்குப் பிறகு அந்த ருசி.

நான் துடைக்கவில்லை. பிள்ளையின் முகத்தை என் கன்னத்தோடு வைத்து அழுத்திக்கொண்டேன். அது பசியென்று நினைத்து என் கன்னத்தைச் சப்பியது. சப்பிவிட்டுக் கடித்தது. சுருக்கென்று குத்தியது. பல்தான்.

நீட்டிய கையை நீ வெடுக்கென்று இழுத்துக்கொண்டாய், சுடுபானையைத் தொட்டவன்போல. முகத்தில் கோபம் இல்லை. அதுதான் என்னைத் தின்கிறது. கோபம் இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்குவேன். வந்தமாதிரியே தண்ணீருக்குள் படுத்தாய். தலை முங்கும்முன், பிள்ளை தூங்கும்போது சத்தம் வராமல் பேசுவாயே, அந்த மாதிரிக் குரலில் ஒரு பேர் சொன்னாய். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அதற்குள் கருப்பாயி வந்துவிட்டாள். அடுத்த கொட்டகையிலிருந்து காலையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். உப்பு வாரும் பலகையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடிவந்தாள்.

"ஆறுதலா சொல்லுதிய ஆறுதல்! வாங்கட்டி, நான் சொல்லுதேன் உங்களுக்கு ஆறுதல்!"

இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. அமுதக்கா மட்டும் ஓடவில்லை. பாத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "பாவி, உன் கையால உன் புருஷனை ரெண்டாந்தரம் அனுப்பிட்டியே" என்று சொல்லிவிட்டு, மெதுவாக நடந்து போனாள்.

காற்று மாதம், 2

பழைய கொட்டகையை மாறவேள் கூட்டம் உடைத்தது. கிணறு இருந்த இடத்தில் தரை மட்டும் இருந்ததாம், கழுவித் துடைத்து. ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கருவாடு விற்கிறவள் இன்றும் தெருவில் கூவிக்கொண்டு போனாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

செவந்தி வீட்டுக் கதவைத் திறந்தார்கள். உள்ளறையில் நிறையத் தண்ணீர் மட்டும் இருந்ததாம். அவள் இன்னும் இரண்டு தட்டுதான் கழுவுகிறாள். நேற்று நானே போய் அவள் வாசலில் உப்புக் கோடு போட்டேன். நான் தெரு தாண்டுவதற்குள் பெருக்கிவிட்டாள்.

மாறவேள் இன்னும் ஆழமாக இறங்கப் போகிறாராம். தீவட்டி பிடிக்க ஆள் தேடுகிறார். நேற்று மேலத்தெருவில் ஒருவன் ஒப்புக்கொண்டானாம். போன மாதம்தான் கல்யாணம் ஆனவன்.

காற்று மாதம், 5

சோற்றில் உப்புப் போட்டுச் சாப்பிட்டேன். கருப்பாயி எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் பார்த்தாள். "ருசிக்கா?" என்று கேட்டாள். ருசித்தது. அதற்கும் அழுதேன். இப்போதெல்லாம் எதற்கும் அழுகை வருகிறது.

கடைத்தெருவில் தச்சன் ஒருவன் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். அவன் வீட்டுப் பக்கம் போனேன். வாசலில் ஒரு கஞ்சிப் பானை இருந்தது. வெல்ல வாசனை. பானையைக் காலால் உதைத்துக் கவிழ்த்தேன். அந்த வீட்டுப் பொம்பிளை என்னைச் சபித்தாள். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். வேறு பானை இருந்தது.

காற்று மாதம், 6

நாளை பிள்ளைக்கு ஊரறிய உப்பு வைக்கிறோம். என் கண்ணீர் கணக்கில் சேராதாம், முறைப்படி அத்தை கையால் வைக்கவேண்டுமாம். அவளுக்கு உள்ளூரப் பெருமை. வெள்ளை உப்பாகப் பார்த்துப் பொறுக்கிச் சின்ன ஓலைக்கொட்டானில் வைத்திருக்கிறாள். உன் வேட்டியைக் கிழித்துப் பிள்ளைக்குத் துண்டு தைத்திருக்கிறாள்.

"பேர் என்ன மதினி? அண்ணன் ஏதும் சொல்லிவச்சாரா?"

"நாளைக்குச் சொல்லுதேன்" என்றேன்.

அந்தப் பேரை நான் இங்கே எழுதவில்லை. அது நல்ல பேர். வாயில் வைத்துச் சொல்லிப் பார்த்தேன், பிள்ளை திரும்பிப் பார்த்தது. நீ தேர்ந்தெடுத்தால் அப்படித்தான் இருக்கும். கீழே இருக்கிறவன் ஒருவன் தன் பேரைப் பிள்ளைக்கு வைக்கச் செய்து அந்த வழியாக மேலே ஏறிவரப் பார்த்தாலும், கேட்க நன்றாக இருக்கிற பேராகத்தான் பார்த்துச் சொல்லுவான்.

அது நீ நினைத்த பேர் இல்லை என்றால் அங்கே எழுந்து நின்றது நீ இல்லை. எனக்கு வருத்தம் இல்லை, பிள்ளைக்கு வேறு பேர் வைத்துவிட்டுத் தூங்குவேன். அது நீ நினைத்த பேர்தான் என்றால், பிள்ளைக்கு அதைத்தான் வைக்கவேண்டும். அப்படியானால் நான் துடைக்காமல் விரட்டியது யாரை?

பிள்ளை தூங்குகிறது. கருப்பாயி குறட்டை விடுகிறாள். வாசலில் உப்புக் கோடு கனமாகப் போட்டிருக்கிறேன், உனக்குத் தெரிந்தால் வீணென்று திட்டுவாய்.

கொக்கு, நீ மனசுக்குள் வைத்திருந்த பேர் அதுதானா?